வேறு ஊரில் பலித்த சேவை நம் ஊரிலும் பலிக்குமா? ஒரு கிராம சுகாதார செவிலியரின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் 'ஆய்வுச் சான்றின் அடிப்படையில் சேவையை மேம்படுத்துங்கள்' என்கிறார்கள். ஆய்வெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடந்தது, ஆங்கிலத்தில் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் ஒற்றை ஆளாக நிற்கும் எனக்கு இதில் என்ன வேலை? தொடங்குவதென்றால் எங்கிருந்து?"

செவிலியர் கல்லூரியில் சமுதாய சுகாதாரம் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. வேலைப் பளு புரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது, சிஸ்டர். ஆய்வை நடத்துவது வேறு யாரோவாக இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வில் வந்த பெண்களும் உங்கள் பகுதிப் பெண்களும் ஒரே நிலைமையில் இருக்கிறார்களா என்று சொல்லத் தெரிந்த ஆள் நீங்கள்தான். எந்த வீட்டில் தண்ணீர் வராது, யார் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார், எந்த மாமியார் சொன்னால் மருமகள் கேட்பார் என்பதெல்லாம் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியாது. சான்று என்பது பாதி அந்த ஆய்வில் இருக்கிறது, மீதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் சேவையை மேம்படுத்த முடியாது.

நல்ல மனதோடும் அனுபவத்தோடும் சொல்கிற அறிவுரை போதாதா என்று சிலர் நினைப்பார்கள். போதாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு, அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள் என்று சொல்லும் வழக்கம் பரவியது. மல்லாந்து படுத்தால் வாந்தி எடுத்து மூச்சடைத்துவிடும் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீடு வீடாகப் போன செவிலியர்களும் அதையே சொன்னார்கள். 1980களின் இறுதியில் நியூசிலாந்தில் தூக்கத்திலேயே இறந்த குழந்தைகளையும் உயிரோடிருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தபோது, குப்புறப் படுப்பதே பெரிய ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்தது. 1991இல் பிரிட்டனில் 'மல்லாந்து படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இப்படி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. 2005இல் வெளியான ஒரு மறுஆய்வு சொன்னதுதான் நெஞ்சைச் சுடுகிறது. ஏற்கெனவே நடந்திருந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் 1970இலேயே இது தெரிந்திருக்கும், பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றது அது. அறிவுரை சொன்ன யாரும் கெட்டவர் இல்லை. எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணியதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எண்ணிப் பார்த்து 'பலன் உண்டு' என்று நிரூபித்த சேவையை அப்படியே எடுத்து வந்தால் போதுமா? உங்கள் கேள்வியின் முக்கியமான இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவைகளில் உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட ஒன்று அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் உருவாக்கிய 'செவிலியர் குடும்பக் கூட்டுறவு'த் திட்டம். முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழைப் பெண்களை, கர்ப்ப காலத்தில் தொடங்கி குழந்தைக்கு இரண்டு வயது முடியும்வரை ஒரே செவிலியர் தொடர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறிய ஊரில் 400 பெண்களோடு முதல் ஆய்வு நடந்தது. யாருக்கு இந்தச் சேவை, யாருக்கு வழக்கமான சேவை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, செவிலியர் போய்வந்த குடும்பங்களில் குழந்தை வதை, புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் 48 சதவீதம் குறைவாக இருந்தன. அப்புறம் மெம்பிஸிலும் டென்வரிலும் வேறுவிதமான மக்களிடையே சோதித்தார்கள். டென்வர் ஆய்வு நம் தொழிலுக்கு மிக முக்கியம். அங்கே ஒரு பிரிவுக்குச் செவிலியரையும், இன்னொரு பிரிவுக்கு அதே திட்டத்தில் பயிற்சி பெற்ற, செவிலியர் அல்லாத பணியாளரையும் அனுப்பினார்கள். செவிலியர் அல்லாதவர்கள் போன வீடுகளில் கிடைத்த பலன், பெரும்பாலும் செவிலியர் போன வீடுகளில் கிடைத்ததில் பாதி அளவுதான். செவிலியருக்குப் பதில் வேறு ஆளை அனுப்பிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது பேசும்போது இந்த ஆய்வைத் தயங்காமல் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு உறுதியான சான்றோடு 2007இல் அதே திட்டம் இங்கிலாந்துக்குப் போனது. அங்கேயும் சும்மா நடத்தாமல் பெரிய ஆய்வோடு நடத்தினார்கள். 19 வயதோ அதற்குக் கீழோ உள்ள 1,645 பெண்கள் சேர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கர்ப்பத்தின் கடைசியில் புகைப்பது, குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்ற நான்கு முக்கிய அளவுகோல்களில் ஒன்றில்கூட வித்தியாசம் இல்லை.

அதே திட்டம், நன்றாகப் பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஏன் பலிக்கவில்லை? பல காரணங்கள் பேசப்படுகின்றன. என் கணிப்பில் பெரிய காரணம், ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களுக்கு என்ன கிடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான். இங்கிலாந்தில் இந்தத் திட்டத்தில் சேராத பெண்ணுக்கும் மகப்பேறு செவிலியர் இலவசமாக உண்டு, பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியர் உண்டு. 1970களின் எல்மைராவில் ஓர் ஏழை இளம்பெண்ணுக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே ஓரளவு நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் மட்டம் அவ்வளவாக உயராது. அதோடு நெதர்லாந்தின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் எல்லோருக்குமான சேவை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பலன் தெரிந்தது. மூன்று வயதுக்குள் குழந்தை பாதுகாப்பு அமைப்புக்குப் புகார் போன குடும்பங்கள் வழக்கமான சேவையில் 19 சதவீதம், திட்டத்தில் 11 சதவீதம். அங்கே வயதை மட்டும் பார்க்காமல், படிப்பு குறைவு, வீட்டில் வன்முறை, தனிமை என்று சிக்கல்கள் கூடியிருந்த பெண்களை இரண்டு கட்டமாகச் சலித்துச் சேர்த்திருந்தார்கள்.

இங்கிலாந்துக் குழந்தைகளைப் பள்ளியில் சேரும் வயதில் மீண்டும் பார்த்தபோது, திட்டத்தில் இருந்தவர்கள் வளர்ச்சியில் சற்று முன்னே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதை, எந்த வயதில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் பதில் மாறுகிறது.

ஆகவே யாராவது ஒரு ஆய்வைக் காட்டி 'இது பலிக்கும்' என்றால், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 'எதோடு ஒப்பிட்டார்கள்?' என்பது. அந்த ஊரில் வழக்கமாகக் கிடைத்த சேவை எது, நம் ஊரில் வழக்கமாகக் கிடைப்பது எது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? ஆங்கிலம் அதிகம் தெரியாவிட்டாலும் இதைக் கேட்கலாம். கேட்டால், பயிற்சி கொடுப்பவரும் போய்ப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

தொப்புள்கொடிக்கு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவும் விஷயம் இதற்கு இன்னொரு சாட்சி. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அந்த மருந்து தடவிய பச்சிளம் குழந்தைகளிடையே இறப்பு 24 சதவீதம் குறைந்தது. அங்கே பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் நடந்தன, இறப்பு விகிதமும் அதிகம். பின்னர் ஆப்பிரிக்காவில் சாம்பியாவிலும் பெம்பா தீவிலும் அதே முறையைச் சோதித்தபோது இறப்பு குறையவில்லை. அங்கே மருத்துவமனைப் பிரசவம் அதிகம், இறப்பும் முதலிலேயே குறைவு. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைக்கும் தடவச் சொல்லவில்லை. கொடியைச் சுத்தமாக, உலர்வாக வைத்தாலே போதும் என்பது பொதுவான அறிவுரை. கொடியில் சாணம் போன்ற தீங்கான பொருட்களை வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் மட்டும் இந்த மருந்தைப் பரிந்துரைக்கிறது. அப்படியானால் உங்கள் வேலை என்ன? மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது, 'ஒன்றும் வைக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், 'கொடியில் என்ன வைக்கிறீர்கள் பாட்டி?' என்று கேட்டு எழுதுவது. மஞ்சளா, எண்ணெயா, பவுடரா? எத்தனை வீடுகளில்? அந்தக் கணக்கு இல்லாமல், உலக நிறுவனத்தின் பரிந்துரை உங்கள் பகுதிக்குப் பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் நாட்டிலேயே இதை அழகாகச் செய்து காட்டிய இடம் மகாராஷ்டிராவின் கட்சிரோலி. டாக்டர் அபய் பங்கும் ராணி பங்கும் அங்கே எடுத்தவுடன் மருந்துப் பெட்டியோடு இறங்கவில்லை. 39 கிராமங்களில் ஒரு வருடம் பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனித்து, எந்தெந்த நோய் எவ்வளவு வருகிறது, எதனால் இறக்கிறார்கள் என்று எழுதினார்கள். அதன் பிறகுதான், படிப்பு குறைந்த கிராமப் பெண்களுக்கு, பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு உதவுவது, குழந்தையின் சூட்டைக் காப்பது, கிருமித்தொற்றை அடையாளம் கண்டு ஊசி போடுவது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குப் போகும் தேசியத் திட்டத்துக்கு இதுவே ஒரு முக்கிய அடித்தளம்.

ஆனால் தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99க்கு மேல் மருத்துவமனைப் பிரசவம். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். கட்சிரோலியில் அன்று வீட்டில் நடந்ததும், உங்கள் பகுதியில் இன்று வீட்டில் நடப்பதும் ஒன்றல்ல. நாட்கள் அதேதான் இருக்கட்டும், ஆனால் அந்த நாளில் என்ன பார்ப்பது என்பது மாற வேண்டும். தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது, ஆபரேஷன் வலியோடு பால் கொடுக்க முடிகிறதா, பால்பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டதா, கர்ப்பத்தில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் பார்த்தார்களா. இவற்றை நீங்கள் பார்க்காவிட்டால் அந்த வீட்டில் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

இங்கேயே உருவான ஒரு சேவையையும் சொல்கிறேன், ஏனென்றால் சான்று வெளியூரிலிருந்துதான் வரும் என்பது உண்மையல்ல. காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கியவர்களில் இறப்பவர்கள், பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பது பல இடங்களில் தெரியவந்த உண்மை. ஆறு மாதமும் ஒரே மாதிரிப் பின்தொடர்வதில் இவர்களுக்குப் பயன் இல்லை, முதல் நாளே அடையாளம் காண வேண்டும். ஆய்வகப் பரிசோதனைகள் சேர்ந்த நீண்ட மதிப்பீட்டுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியோ நேரமோ இல்லை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று தொடங்கியதில், ஆய்வகமே தேவையில்லாத சில அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உயரமும் எடையும் பார்த்து உடல் நிறைக் குறியீடு 14க்கு மேல் போகவில்லையா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா. ஏதாவது ஒன்று இருந்தாலும் அவர் கடுமையாக நோயுற்றவராக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகப் பரிசோதித்துச் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பாருங்கள், இது செவிலியரின் வேலைதான். 150 செ.மீ. உயரமுள்ள பெண் 31.5 கிலோவோ அதற்குக் கீழோ இருந்தால் குறியீடு 14க்குள் வந்துவிடும். இந்த எடையைச் சுவரில் ஒட்டிய ஓர் அட்டவணையில் பார்த்துவிடலாம். ஆனால் மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் 6 என்பது 24 ஆகும், 7 என்பது 28 ஆகும், இடையில் உள்ளவர்கள் விட்டுப்போவார்கள். இருமிக்கொண்டிருப்பவரைச் சற்று உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி எண்ணுங்கள். அதே நாளில் எடுத்த எடை, பிறகும் உதவும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஊட்டச்சத்து ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை மெஷினைச் சரிபார்த்து வைப்பது உயிர் காக்கும் வேலை.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கடைசிக் கேள்வி. ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். இரத்தசோகையை எடுங்கள் என்பேன், ஏனென்றால் தினமும் உங்கள் கையில் இருப்பது அது.

இப்போது பதிவேட்டில் 'இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்பட்டது' என்று இருக்கும். வழங்கியது சேவை, ஏறிய ஹெச்பி, அதாவது இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, பலன். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆன இரத்தசோகைக் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களில் ஹெச்பி குறைந்தது 1 கிராம் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதத் தொடங்குங்கள். ஏறாதவர்களைத்தான் நீங்கள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். போனால் பேச்சிலேயே காரணம் வரும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தியிருப்பார். காபி, டீயோடு விழுங்கியிருப்பார். வயிறு எரிகிறது என்பார், சாப்பிட்டபின் இரவில் போடலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாதவர் இருந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள், பரம்பரையாக வரும் தலசீமியா கூறு என்ற இரத்தக் குறைபாடு போன்ற வேறு காரணம் இருக்கலாம்.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக்கூடும். முதல் அளவை, நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் பழைய ஸாலி முறையிலும் அடுத்ததை டிஜிட்டல் கருவியிலும் எடுத்திருந்தால், ஏற்றம் இரத்தத்தில் வந்ததா கருவியில் வந்ததா என்று சொல்ல முடியாது. அதேபோல ஐந்து, ஆறாம் மாதத்தில் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் ஹெச்பி இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். மூன்றாம் மாதத்துப் பெண்ணையும் ஏழாம் மாதத்துப் பெண்ணையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

'ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும் என்று ஆய்வு வந்திருக்கிறதே, மாற்றிவிடலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. 2017இல் சுவிட்சர்லாந்தில் வந்த அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் கர்ப்பிணிகள் அல்ல, இரும்புச் சேமிப்பு குறைந்த சுமார் 40 இளம்பெண்கள். அளந்தது உடல் உறிஞ்சிய அளவை. பிரசவத்தின்போது ஹெச்பி எவ்வளவு இருந்தது, குழந்தையின் எடை என்ன என்பதெல்லாம் அதில் இல்லை. இதை வைத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கர்ப்பிணிக்கு நீங்களாக அளவைக் குறைக்கக் கூடாது. தினமும் என்ற வழிகாட்டுதல் மாறும்வரை அதுதான். கேள்வியை மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோங்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பின் எளிய சுருக்கங்கள் இணையத்தில் இலவசம், பல தலைப்புகளுக்குத் தமிழிலும் உண்டு. ஒரு தலைப்பில் வந்த எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அங்கே தேடுவது, செய்தித்தாளில் வந்த ஒரே ஆய்வை நம்புவதைவிட நல்லது.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். ஒரே தகவலைப் பதிவேட்டிலும், கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியிலும், இன்னொரு செயலியிலும் எழுதவைத்துவிட்டு, அதே செவிலியரிடம் 'சான்றைப் பாருங்கள்' என்பது நியாயமில்லை. நீங்கள் ஏற்றிய எண்கள் மேலே போகின்றன, பகுப்பாய்வாகத் திரும்பி வருவது அரிது. புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னால் எதை விட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். யாருக்கும் பயன்படாத படிவம், யாரும் வராத கூட்டம், பலன் இல்லை என்று தெரிந்த அறிவுரை, இவற்றை நிறுத்துவதும் சேவையை மேம்படுத்துவதுதான். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, பகுதி சுகாதார செவிலியரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் வையுங்கள். 'என் பகுதியில் 12 பேருக்கு ஏறவில்லை' என்று சொன்னால் மருத்துவ அலுவலர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பேரில்?' என்பதாக இருக்கும், அந்த மொத்த எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். உங்களுக்கு 40இல் 12, பக்கத்தில் 40இல் 4 என்று வந்தால், அந்தச் சிஸ்டர் வீட்டில் போய் என்ன சொல்கிறார் என்று ஒருநாள் அவரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.